4. ‘புரியுதா?’ என்று கேட்ட பிறகு

அடுத்த வகுப்புக்குப் போகும்போது மாணவர்களிடம் சொல்லிவிட்டு, செல்போனை ரெக்கார்டிங்கில் போட்டு மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். உங்கள் குரல் தெளிவாக விழுந்தால் போதும். இரவு வீடு அடங்கிய பிறகு ஒரு தாளும் பேனாவுமாக உட்கார்ந்து அதைக் கேளுங்கள்.

நான் முதல்முறை கேட்டபோது, ‘புரியுதா?’ என்று எத்தனை தடவை சொல்கிறேன் என்று கோடு கிழித்து எண்ண ஆரம்பித்தேன். இருபது நிமிடப் பதிவுக்குள் எண்ணுவதை விட்டுவிட்டேன். கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு ‘புரியுதா’வுக்கும் ‘புரியுது சார்’ என்று ஒரே குரலில் பதில் வந்திருந்தது. அதை நம்பித்தான் ஒவ்வொரு முறையும் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். அந்தக் கோரஸில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் வாயை மட்டும் அசைத்தார்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அதே பாடத்தைப் பல வருஷமாக நடத்திக்கொண்டிருந்தவன் நான்.

இந்த இயல் அங்கிருந்து தொடங்குகிறது. ஓர் ஆசிரியர் தன் வகுப்பிலேயே, ஒரே செமஸ்டருக்குள், யாரிடமும் நிதி கேட்காமல் செய்து பார்க்கக்கூடிய செயலாய்வு இது.

இதயமும் சிறுநீரகமும்

செயலாய்வு என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டவர் கர்ட் லெவின். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போன உளவியலாளர். 1946-ல் அவர் எழுதிய கட்டுரையைத்தான் எல்லா பி.எட். புத்தகங்களும் சொல்லும். எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு முன் போர்க்காலத்தில் அவர் செய்த ஒரு வேலை. நல்ல இறைச்சி ராணுவத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றையும் வீட்டில் சமைக்க வேண்டும் என்று இல்லத்தரசிகளிடம் சொல்லியாக வேண்டும். சில குழுக்களுக்கு அருமையான சொற்பொழிவு: சத்து, சிக்கனம், நாட்டுப்பற்று, சமையல் குறிப்பு எல்லாம் இருந்தன. மற்ற குழுக்களில் அந்தப் பெண்களே உட்கார்ந்து பேசி, கடைசியில் ‘சமைத்துப் பார்க்கிறேன்’ என்பவர்கள் கை தூக்கினார்கள். பிறகு விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் சமைத்திருந்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம் பேர்.

விரிவுரை ஆற்றுவதையே வேலையாக வைத்திருக்கும் நமக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் சுடத்தான் செய்யும்.

பின்னால் 1970-களில் இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ், ஆசிரியரே ஆய்வாளராக இருக்க வேண்டும் என்று வாதாடினார். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் கெம்மிஸும் மெக்டகார்ட்டும் திட்டமிடல், செயல்படல், உற்றுநோக்கல், மீள்சிந்தனை என்று அதைச் சுழலாக வரைந்து காட்டினார்கள். வரலாறு இவ்வளவு போதும். நம் ஆட்கள் சறுக்குவது வேறிடத்தில். பிஎச்.டி. பழக்கம் நம்மை விடுவதில்லை. செயலாய்வு என்றதும் கருதுகோள், மாதிரி அளவு, ஐந்து புள்ளி அளவுகோலில் நாற்பது கேள்வி, கை-வர்க்கச் சோதனை என்று இறங்கிவிடுகிறோம். கேள்வித்தாளை நிரப்பும் மாணவருக்கு ‘முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை டிக் அடிக்க ஒன்றரை நிமிடம் ஆகும். அதை வைத்து அட்டவணை போடலாம், வகுப்பை மாற்ற முடியாது. உங்கள் முடிவு ஊருக்கெல்லாம் பொருந்த வேண்டிய அவசியமில்லை. வரும் திங்கட்கிழமை உங்கள் வகுப்புக்குப் பொருந்தினால் சரி.

புலம்பலைக் கேள்வியாக்குவது

‘இந்த பேட்ச் ரொம்ப மோசம் சார்.’ ‘ஃபோனை விட்டு நிமிரவே மாட்டேங்கறாங்க மேடம்.’ ஸ்டாஃப் ரூமில் தினமும் கேட்பவை. உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு நாளை எதையும் செய்ய முடியாது, ஏனென்றால் வாக்கியத்தில் நாம் இல்லை. செயலாய்வுக் கேள்வியில் ‘நான்’ இருந்தாக வேண்டும். ‘மாணவர்கள் ஏன் பதில் சொல்வதில்லை?’ என்பது புலம்பல். ‘நான் கேள்வி கேட்கும் விதத்தை மாற்றினால், இதுவரை வாய் திறக்காதவர்களில் எத்தனை பேர் திறப்பார்கள்?’ என்பது கேள்வி.

அந்தக் கேள்வியில் நாம் தேடும் ஈடுபாடு என்ற சொல்லும் வழுக்கும். ஃப்ரெட்ரிக்ஸ், ப்ளூமென்ஃபெல்ட், பாரிஸ் என்ற மூவர் 2004-ல் அதை நடத்தை, உணர்வு, சிந்தனை என்று மூன்றாகப் பிரித்தார்கள். பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது என்றாலும் நமக்கும் உதவும். வருவது, உட்காருவது, எழுதுவது நடத்தை. இந்தப் பாடம் எனக்கானது என்ற நினைப்பு உணர்வு. மண்டைக்குள் உரசல் நடக்கிறதா என்பது சிந்தனை. நம் கல்லூரிகளில் முதலாவதை மட்டும்தான் பதிவேடு பார்க்கும். 75 சதவீத வருகை வேண்டும், குறைந்தால் கண்டோனேஷன் ஃபீஸ். அட்டென்டன்ஸ் இருக்கிறது, ஆள் இருக்கிறார், ஈடுபாடு இருக்கிறது என்று வரிசையாக நம்பிவிடுகிறோம். முதல் பெஞ்சில் தலையாட்டுகிறவர் வேறெங்கோ இருக்கலாம். கடைசிப் பெஞ்சில் குனிந்திருக்கும் பையன் நீங்கள் போட்ட கணக்கை இன்னொரு வழியில் போட்டுக்கொண்டிருக்கலாம். இதைச் சொல்வதால் கடைசிப் பெஞ்ச் முழுக்க மேதைகள் என்று நினைத்துவிடாதீர்கள். பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

மூன்றையும் ஒரே செமஸ்டரில் அளக்கக் கிளம்பாதீர்கள். ஒன்றை எடுங்கள். அதுவும் ஆறு வாரத்துக்குள் கண்ணில் படக்கூடியதாக, பாடம் நடத்திக்கொண்டே குறித்துக்கொள்ள முடிவதாக இருக்கட்டும்.

இனி ஓர் உதாரண வகுப்பு. பி.காம். முதலாண்டு, ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங், 60 பேர். நடப்பது வங்கிச் சரிகட்டும் பட்டியல். பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாதிப்பேர் பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

புள்ளித் தாள்

பி.எட். படித்தவர்களுக்கு, வகுப்பறைப் பேச்சைப் பிரிக்கும் ஃப்ளாண்டர்ஸின் பத்து வகைகளும், மூன்று விநாடிக்கு ஒருமுறை குறியிட வேண்டும் என்பதும் நினைவிருக்கும். அது வேண்டாம். ஏ4 தாளில் வகுப்பின் பெஞ்சுகளைக் கட்டங்களாக வரையுங்கள், கட்டத்துக்குள் பெயர். பாடம் தொடர்பாக ஒருவர் தானாக வாய் திறந்தால் அவர் கட்டத்தில் ஒரு புள்ளி. நீங்கள் பெயர் சொல்லி எழுப்பியதால் பேசினால் சிறு வட்டம். மொத்தமாக வரும் ‘ஆமா சார்’களுக்குத் தாளின் ஓரத்தில் ஒரு கோடு. இதைச் சாக்பீஸ் கையோடு நீங்களே செய்வது சிரமம். அந்த ஹவர் ஃப்ரீயாக இருக்கும் சக ஆசிரியரைப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். பதிலுக்கு அவர் வகுப்பில் நீங்கள் உட்காருங்கள். ஆளே கிடைக்காவிட்டால் வகுப்பு முடிந்து வராந்தாவில் நடக்கும்போதே நினைவிலிருந்து குறித்துவிடுங்கள். ஸ்டாஃப் ரூம் போய் டீ குடித்துவிட்டுக் குறித்தால் பாதி மறந்திருக்கும்.

எதையும் மாற்றாமல் இரண்டு வாரம் இப்படி எடுங்கள். பொறுமை இங்கேதான் போய்விடும். குறை தெரிந்ததும் கை பரபரக்கும். முந்தைய நிலை தெரியாமல் மாற்றத்தில் இறங்கினால், பின்னால் எது எதனால் என்று யாரும் சொல்ல முடியாது.

டே ஆர்டர் முறையில் இயங்கும் கல்லூரியாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. இந்த வாரம் திங்கட்கிழமை டே ஆர்டர் 2 என்றால் அடுத்த திங்கள் வேறொன்றாக இருக்கலாம். கிழமையை வைத்து ஒப்பிட்டால், முதல் ஹவரையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஹவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுவீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எந்த வகுப்பும் மந்தம்தான், உங்கள் முறை அதற்குப் பொறுப்பல்ல. எனவே ஹவரை வைத்து ஒப்பிடுங்கள். முதல் ஹவரில் பாதிக் கட்டங்கள் காலியாக இருந்தால், கிராமத்து பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று விசாரியுங்கள். அது ஈடுபாட்டுக் கணக்கில் சேராது.

இரண்டு வாரத் தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள். உதாரண வகுப்பில் 34 புள்ளிகள் விழுந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நல்ல வகுப்புதானே என்று தோன்றும். எத்தனை கட்டங்களில் என்று எண்ணினால் ஒன்பது. அவற்றில் ஏழு, முதல் இரண்டு வரிசையின் நடுவில், கரும்பலகைக்கு நேராக. மீதி 51 பேருக்கும் சேர்த்து நீங்கள் அந்த ஒன்பது பேரிடம் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

கால் தாள்

புள்ளித் தாள் வாய் திறந்ததை மட்டும் காட்டும். திறக்காத வாய்க்குள் என்ன இருக்கிறது என்பதற்கு வேறு கருவி வேண்டும். வகுப்பு முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது கால் தாள் கிழிக்கச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். ஒரே கேள்வி: இன்று எந்த இடம் கலங்கலாக இருந்தது? ஹார்வர்டில் புள்ளியியல் நடத்திய ஃப்ரெடெரிக் மோஸ்டெல்லர் இந்தக் கேள்வியைப் பிரபலமாக்கினார். நம் வகுப்பில் அதோடு ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும்: ‘தமிழ்லயே எழுதலாம், இங்கிலீஷ்லயும் எழுதலாம், கலந்தும் எழுதலாம்.’ அதைச் சொல்லாவிட்டால் ‘ஆல் இஸ் க்ளியர் சார்’ என்று ஒரு கட்டு வரும்.

60 தாளைப் பிரிக்க இருபது நிமிடம் ஆகும். மேசையில் குவியல் குவியலாகப் போடுங்கள். ‘எல்லாம் புரிந்தது’ ஒரு குவியல். அதில் பாதியைப் புரிந்தது என்று எண்ணாதீர்கள், பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர்கள் எழுதியது. ‘எதுவும் புரியலை’ ஒன்று. அதுவும் பயன்படாது. நீங்கள் தேடுவது நடுவில் கிடக்கும். உதாரணத்துக்கு இப்படி ஒன்று:

‘நாம செக் குடுத்துட்டோம், கேஷ் புக்ல 6,000 கழிச்சாச்சு. ஆனா அவங்க இன்னும் பேங்க்ல போடலை. அப்ப அந்த 6,000 இப்ப யாரோடது?’

வங்கிச் சரிகட்டும் பட்டியலின் உயிரே இந்தக் கேள்வியில் இருக்கிறது. நம் ஏட்டில் 40,000 மீதி, வங்கி அறிக்கையில் 46,000. இரண்டும் சரி. நடுவில் ஒரு காசோலை யாரோ ஒருவர் பையில் மடங்கிக் கிடக்கிறது. ‘கூட்டு, கழி’ என்று ஃபார்மட்டை மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டிருந்த வகுப்பில், பெயர் போடாத ஒருவர் அந்த மடிந்த காசோலையைப் பற்றி யோசித்திருக்கிறார். அவர் கட்டத்தில் ஒரு புள்ளிகூட இருந்திருக்காது என்பதே என் ஊகம்.

மறுநாள் வகுப்பை அந்தத் தாளை வாசித்துத் தொடங்குங்கள். எழுதியவர் யார் என்று தேட வேண்டாம். தாள் படிக்கப்படுகிறது என்று தெரிந்த பிறகு வரும் தாள்களின் தரமே வேறு.

அதோடு, பூஜ்யப் புள்ளிக்காரர்கள் மூன்று நான்கு பேரிடம் கேன்டீன் பக்கம் நின்று பேசிப் பாருங்கள். டிபார்ட்மென்டுக்கு வரச் சொன்னால் இன்டர்னல் மார்க் விசாரணை என்று பயந்துவிடுவார்கள். என்னிடம் ஒரு பையன் சொன்னதை டைரியில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: ‘சார், நீங்க கேட்டதும் நான் தமிழ்ல யோசிச்சு, அதை இங்கிலீஷ்ல மாத்தி, தப்பில்லாம இருக்கான்னு பாக்கறதுக்குள்ள முன் பெஞ்சு சொல்லிடுது. நீங்களும் அடுத்ததுக்குப் போயிடறீங்க.’

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

அந்தப் பையன் சொன்னதற்கு ஆராய்ச்சியில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: காத்திருப்பு நேரம். அமெரிக்க அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்ட மேரி பட் ரோ, 1970-களின் தொடக்கத்தில் இதை வெளியிட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, ‘தெரியாது’ குறைகிறது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். மூன்று விநாடி என்ன பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். 60 பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேடையில் சும்மா நின்று பாருங்கள், தெரியும். மின்விசிறியின் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். நான் மனதுக்குள் ‘ஒன்று, இரண்டு’ சொல்லிப் பார்த்துப் பலிக்காமல், கேள்வி கேட்டதும் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வது என்று பழகினேன். கை துடைத்து முடிய நாலைந்து விநாடி ஆகிவிடும்.

தாய்மொழியில் யோசித்து வேறு மொழியில் சொல்ல வேண்டியவர்களுக்கு மூன்று விநாடியும் போதாது. அங்கே ஜோடிப் பேச்சு உதவும். கேள்வி கேட்டு, ஒரு நிமிடம் தனியாக நோட்டில் எழுதச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் எந்த மொழியிலாவது பேச விட்டு, பிறகு பதில் கேட்பது. ஃப்ராங்க் லைமன் 1981-ல் எழுதி வைத்த முறை. ஹார்வர்டில் எரிக் மாஸுர் 1991 முதல் இயற்பியல் வகுப்பில் இதன் ஒன்றுவிட்ட தம்பியை நடத்திக் காட்டினார். அவர் முறையில் ஒவ்வொருவரும் முதலில் ஒரு விடைக்கு வாக்களித்துவிட்டுத்தான் பக்கத்தவரோடு வாதாடுவார்கள். வாக்களிக்க நமக்கு இயந்திரம் வேண்டாம், விரல் போதும். ‘வங்கி மீதி நம் மீதியைவிட அதிகமா, குறைவா, சமமா? அதிகம்னா ஒரு விரல், குறைவுன்னா ரெண்டு, சமம்னா மூணு. விரலை நெஞ்சுக்கு நேரா பிடிங்க.’ நெஞ்சுக்கு நேராக என்பது முக்கியம். தலைக்கு மேல் தூக்கினால் பின்னால் இருப்பவர் பார்த்துக் காப்பியடிப்பார்.

காத்திருப்பு, ஜோடிப் பேச்சு இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்து நான்கு வாரம் செய்யுங்கள். ஒரே வாரத்தில் ஜோடிப் பேச்சு, வினாடிவினா, வாட்ஸ்அப் குழு எல்லாவற்றையும் இறக்கிய நண்பர் ஒருவருக்குக் கடைசியில் எது பலித்தது என்றே தெரியவில்லை. வகுப்பு கலகலப்பாக இருந்தது என்று மட்டும் எழுதினார். எப்போது தொடங்குவது என்றால், முதல் சி.ஐ.ஏ. (உள்மதிப்பீட்டுத் தேர்வு) முடிந்த மறுநாள். செமஸ்டரில் 90 வேலை நாள் என்பது காகிதத்தில்தான். கல்ச்சுரல்ஸ், ஸ்போர்ட்ஸ் டே, மழை விடுமுறை எல்லாம் போக, இரண்டு சி.ஐ.ஏ.க்களுக்கு நடுவில் கிடைக்கும் காலம்தான் உங்கள் களம். போர்ஷன் முடியாதே என்ற பயம் நியாயமானது. ஹவருக்கு ஒரே ஒரு ஜோடிக் கேள்வி, நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தை ‘புரியுதா’க்களிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.

மறுபடியும் எண்ணுவது

மூன்றாம், நான்காம் வாரங்களில் பழையபடி புள்ளித் தாள். 34 இருந்த இடத்தில் 58 வந்திருக்கிறது என்று வையுங்கள். உடனே பிரின்சிபாலிடம் ஓட வேண்டாம். கட்டங்களை எண்ணுங்கள். பதினொன்று. முன்பு ஒன்பது. ஆக, பேசிக்கொண்டிருந்தவர்கள்தான் இன்னும் அதிகம் பேசியிருக்கிறார்கள். புள்ளியை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யாவிட்டால் இந்த இடத்தில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

புதுமையும் ஏமாற்றும். 1924-ல் சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் விளக்கு வெளிச்சத்தை மாற்றிப் பார்த்ததில் தொடங்கிய சோதனைகளிலிருந்து, கவனிக்கப்படுகிறோம் என்பதாலேயே மனிதர்கள் மாறுவார்கள் என்ற கருத்து பரவியது. அந்தப் பழைய தரவுகளை மறுபடி அலசியவர்கள், சொல்லப்பட்ட அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்றும் காட்டிவிட்டார்கள். எப்படியானாலும், முதல் வார உற்சாகத்தை முடிவாக எழுதாதீர்கள். பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சக ஆசிரியரைப் பார்த்தே சிலர் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

இன்னொன்று, நம் கையில் மார்க் இருக்கிறது. பெரும்பாலான பாடங்களில் 25 மதிப்பெண் இன்டர்னல் நாம் போடுவது. ‘விருப்பமிருந்தால் கலந்துகொள்ளலாம்’ என்று நாம் சொன்னால், மாட்டேன் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அதனால் என்ன செய்கிறோம் என்பதை முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள். கால் தாள்களை க்ளாஸ் ரெப் சேகரிக்கட்டும். கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். புள்ளித் தாள் இன்டர்னல் மார்க் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. ஒருமுறை கலந்துவிட்டால், அடுத்த வகுப்பிலிருந்து நீங்கள் எண்ணுவது மார்க்குக்காகத் தூக்கிய கைகளை.

அறிக்கை நான்கு பக்கம் போதும். கேள்வி, முதல் தாள், செய்த மாற்றம், கடைசித் தாள், இடையில் டைரியில் எழுதிய சில வரிகள். நாக் தர மதிப்பீட்டுக் கோப்புக்கு வேண்டும் என்று கேட்பார்கள். கொடுங்கள். ஜியோ-டேக் போட்ட போட்டோ கேட்டால் மாணவர் முகம் தெரியாமல் கரும்பலகையை எடுத்துக் கொடுங்கள். ஆனால் கோப்புக்காக ‘ஈடுபாடு கணிசமாக உயர்ந்தது’ என்று முடிக்காதீர்கள். ஒன்பது பதினொன்றானது, ஏன் இருபதாகவில்லை என்பதைக் கண்டுபிடிக்க முடிந்தால் அதுதான் அறிக்கையின் சிறந்த பக்கம்.

அதைக் கண்டுபிடிக்க, ஜோடிப் பேச்சு நடக்கும் இரண்டு நிமிடத்தில் மேடையை விட்டு இறங்கி நடந்து பாருங்கள். நான் நடந்தேன். பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில், புள்ளியே விழாத இரண்டு பேர், காசோலை எப்போது காசாகிறது என்று கடுமையாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வங்கிக்காரியாகவே மாறியிருந்தாள். காது கொடுக்கலாம் என்று நெருங்கிப் போய் நின்றேன். பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பேரும் நோட்டைப் பார்த்தார்கள். நான் நகர்ந்ததும் மறுபடி தொடங்கியது.

அன்று மாலை டைரியில் இரண்டாம் சுழலுக்கான கேள்வியை எழுதினேன்: ‘அவர்கள் பேசும்போது நான் எங்கே நிற்கிறேன்?’ அடுத்த நாள் புள்ளித் தாளில் மாணவர்களின் கட்டங்களோடு, நான் நின்ற இடங்களுக்கும் ஒரு பெருக்கல் குறி சேர்ந்தது.